ஸ்டார்ஃபீல்ட் ஆரம்பிக்கிறீங்களா? முதல் முப்பது மணி நேரத்துல இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

மீன்பிடி தடைக்காலம் வந்துட்டா எங்க பாம்பன்ல விசைப்படகுக்குப் போற ஆளுக எல்லாருக்கும் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கரையிலதான் இருப்பு. பகல்ல வலை சரி பண்றது, போட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதுன்னு போயிரும், ராத்திரிதான் பொழுது போகாது. எங்க மாமா மகன் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டர்ல ஸ்டார்ஃபீல்ட் ஆட ஆரம்பிச்சாரு. நான் ஏற்கனவே ஒரு தடவை முடிச்சிருந்ததால பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், நான் முதல் தடவை என்னென்ன தப்பு பண்ணேனோ அத்தனையும் அவரும் பண்றாரு, ரெண்டாவது நாளே "இது நமக்கு சரிவராது மாப்ள"ன்னு எந்திரிச்சிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. இது நல்ல கேம், ஆனா எப்படி ஆடணும்னு அதுவா சொல்லிக்குடுக்காது, தப்பான பக்கமா உள்ள போனா பத்து மணி நேரம் வெறும் மெனுவும் லோடிங் ஸ்கிரீனுமா போயிரும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஸ்கைரிம், ஃபால்அவுட் 4 எல்லாம் பண்ண பெதெஸ்டா பண்ண கேம், 2023 செப்டம்பர் 6 ரிலீஸ், பிசியிலயும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ்லயும் வந்துச்சு. கதை 2330-ஆம் வருஷம் நடக்குது, சுமார் 100 நட்சத்திர மண்டலம், 1000-க்கு மேல கிரகம். இந்த 1000-ங்கிற நம்பர்தான் பாதிப் பேரைக் கெடுக்குது, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல் தப்பு ஆடறதுக்கு முன்னாடியே நடக்குது. இடம் 125 ஜிபி வேணும், அதுவும் எஸ்எஸ்டியில. எஸ்எஸ்டி கட்டாயம்னு அவங்களே போட்டிருக்காங்க, சும்மா போடல. நான் முதல்ல பழைய ஹார்ட் டிஸ்க்லதான் போட்டேன், ஆள் வாயசைச்சு முடிச்ச அப்புறம் குரல் வருது, துப்பாக்கிச் சண்டை நடுவுல அப்படியே நின்னு நின்னு போகுது. கீழக்கரையில தெரிஞ்ச காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தரு துபாய்ல இருந்து வரும்போது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கொண்டு வந்தாரு, அதுல மொத்தமே 512 ஜிபிதான், அதுலயும் சிஸ்டத்துக்குப் போக மீதிதான் நமக்கு, அதனால ரெண்டு கேமை அழிச்சிட்டுதான் இதைப் போட வேண்டியதாச்சு. டவுன்லோடுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல போடுங்க, எங்க ஏரியாவுல நெட் அப்பத்தான் கொஞ்சம் மூச்சு விடும். இன்னொன்னு, நம்ம கடற்கரை ஊர்ல உப்புக்காத்து கம்ப்யூட்டரை தின்னுரும், கேஸை ஜன்னலுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, ஃபேனை மாசத்துக்கு ஒரு தடவையாவது கழட்டித் துடைங்க, இந்த கேம் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் நல்லா சூடாக்கும்.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன். மச்சான் கையில முதல் கப்பல் வந்ததும், ஃபிரான்டியர்னு பேரு, என்ன பண்ணாரு தெரியுமா, எதிர்ல தெரியுற கிரகத்தைப் பாத்து மூக்கைத் திருப்பி வச்சு ஃபுல் ஸ்பீடு குடுத்துட்டாரு. போட்டு ஓட்டுற ஆளு, அவருக்கு அதுதானே தோணும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், கிரகம் அப்படியே இருக்கு. "கரை தெரியுது, கிட்ட வர மாட்டேங்குதே மாப்ள"ன்னாரு. வராது. இந்த கேம்ல வானம் ஒரே கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கல, துண்டு துண்டா இருக்கு. ஒரு கிரகத்துல இருந்து இன்னொன்னுக்கு மேப்லயோ ஸ்கேனர்லயோ குறி வச்சு தாவணும், இறங்குறதும் ஏறுறதும் லோடிங்தான். இதைத் தெரியாம வேற ஏதாவது கேம் மாதிரி தரையில இருந்து நேரா வானத்துக்குப் பறக்கலாம்னு எதிர்பாத்து வந்தா முதல் நாளே மனசு உடைஞ்சிரும். தெரிஞ்சு வந்தா பிரச்சினை இல்ல. கப்பல்ல இருக்கும்போது ஸ்கேனரைத் திறந்து மிஷன் குறி மேல வச்சு அங்கயே டிராவல் குடுங்க, மெனுவுக்குள்ள நாலு பக்கம் போய் வர்றதைவிட இது பாதி நேரம்தான் பிடிக்கும். நான் இதையே இருபது மணி நேரம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன்.

அதே தப்போட தம்பிதான் அடுத்தது, கண்ட கிரகத்துல எல்லாம் இறங்கி நடக்குறது. 1000 கிரகம் இருக்கேன்னு ஒவ்வொண்ணா இறங்கினா, அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் வெறும் கல்லுல நடந்து போய் ஒரு கட்டடம், உள்ள கொள்ளைக்காரனுக, அவனுகளை அடிச்சிட்டு அடுத்த கிரகம் போனா அங்கயும் அதே கட்டடம், அதே ரூம், அதே மேசை, செத்துக் கிடக்கிற ஆளு கூட அதே இடத்துல கிடப்பான். கிரயோ லேப்னு ஒரு இடம், எனக்கு அது மூணு தடவை வந்துச்சு, மூணாவது தடவை லாக்கர் எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். எங்க ஊர்ல எவ்வளவு பெரிய கடல் இருந்தாலும் எல்லா இடத்துலயும் வலை விட மாட்டாங்க, பாடு, அதான் மீன் கிடைக்கிற இடம், எங்க இருக்குன்னு தெரிஞ்சு அங்கதான் விடுவாங்க. இந்த கேம்ல பாடு இருக்கிறது ஊர்கள்ல. நியூ அட்லாண்டிஸ், அகிலா சிட்டி, நியான், செவ்வாய்ல இருக்க சைடோனியா, இந்த நாலு ஊருலயும் ஆளுகளோட நின்னு பேசுங்க, அவங்க குடுக்கிற வேலையைப் பிடிச்சுப் போங்க, கையால எழுதி கையால கட்டின இடமெல்லாம் அந்த வேலைக வழியாத்தான் வரும். அப்புறம் போகப் போக ஆசைப்பட்டா கிரகத்துல நடங்க, 2024 ஆகஸ்ட்ல ரெவ்-8னு ஒரு வண்டி குடுத்தாங்க, கப்பல் டெக்னீஷியன்கிட்ட வாங்கிக்கலாம், அது வந்த பிறகு அந்த நடை ரொம்பக் குறைஞ்சிருச்சு.

எந்த வேலையை முதல்ல பிடிக்கிறதுன்னு கேட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு யுனைடெட் காலனிஸ் வான்கார்டுன்னுதான் சொல்லுவேன், அந்த அரசாங்கத்தோட தன்னார்வப் படை அது. நியூ அட்லாண்டிஸ்ல மாஸ்ட் கட்டடத்துக்குள்ள போனா சேரலாம். சேர்றதுக்கு முன்னாடி ஒரு கண்காட்சி வழியா நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க, அந்த உலகத்துல என்ன சண்டை நடந்துச்சு, யாருக்கும் யாருக்கும் ஆகாதுன்னு எல்லாம் அங்கயே புரிஞ்சிரும், அதை ஓடிக் கடந்துராதீங்க. அப்புறம் கப்பல் ஓட்டுற பரீட்சை, அதுல அடிக்கிற கப்பலெல்லாம் பைலட்டிங் ஸ்கில்லுக்கு கணக்குல சேரும், வெளிய போய் உசுரைப் பணயம் வச்சு பழகுறதைவிட இங்க பழகுறது நல்லது. இந்த சிமுலேட்டர்லதான் மச்சான் முதல் தடவையா சிரிச்சாரு. ஃபுல் ஸ்பீடுல திருப்பினா கப்பல் வளையாது, ஸ்பீடை நடுவுக்குக் கொண்டு வந்தா டக்குனு திரும்பும், அதை நான் சொல்லவே இல்ல, அவரே ரெண்டாவது சுத்துல கையைப் பின்னாடி இழுத்து வளைச்சிட்டாரு.

நியூ அட்லாண்டிஸ் பத்தி சொல்லும்போது ஒண்ணு சொல்லணும். அந்த ஊரு இருக்கிறது ஆல்ஃபா சென்டாரி மண்டலத்துல, அது நெசமா இருக்க நட்சத்திரம், நம்ம சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கது, சுமார் 4.3 ஒளியாண்டு. வடநாட்டுல இருக்கவங்களுக்கு அது சரியாத் தெரியாது, டெல்லியில எல்லாம் அடிவானத்தோடயே ஒட்டிக் கிடக்கும். நம்ம ராமநாதபுரம் கரையில இருந்து பளிச்சுனு தெரியும். ஜூன் முதல் வாரம் ராத்திரி ஒன்பது மணி வாக்குல குந்துகால் பக்கம் தெக்க பாத்து நின்னு கையை நீட்டி ரெண்டு முஷ்டியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா எவ்வளவு உயரமோ அந்த உயரத்துல ரெண்டு வெள்ளி பக்கத்துல பக்கத்துல இருக்கும், இடது கைப் பக்கம் நல்லா மின்னுறதுதான் அது. மச்சானைக் கூட்டிட்டுப் போய் காட்டினேன். "இதை நான் ஆயிரம் தடவை பாத்திருக்கேன் மாப்ள, இங்கயா நம்ம கப்பலை நிறுத்தி வச்சிருக்கோம்"னு கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. மறுநாள் சாயங்காலமே வந்து உக்காந்துட்டாரு.

அடுத்து, கண்டதையும் பொறுக்குறது. நோட்டு, மக், ஃபோல்டர், பேனா, எல்லாத்தையும் எடுக்க விடுவான், எடுக்காதீங்க. ஆரம்பத்துல 135 கிலோதான் தூக்க முடியும், தாண்டினா ஓடும்போது ஆக்சிஜன் காலியாகி கார்பன் டை ஆக்சைடு ஏறி உசுரு குறைய ஆரம்பிச்சிரும். கப்பல் சரக்கறையும் 450 கிலோதான். துப்பாக்கி, மருந்து, பூட்டுத் திறக்கிற டிஜிபிக், இது போதும், மத்ததுல எடை குறைவா விலை அதிகமா இருக்கதை மட்டும் எடுங்க. வேணும்னு தோணுற பொருளை எல்லாம் நியூ அட்லாண்டிஸ்ல நம்ம குழு தங்குற லாட்ஜ்ங்கிற கட்டடத்துல உங்களுக்குக் குடுக்கிற ரூம்ல ஒரு பெட்டி இருக்கு, அதுல எவ்வளவு போட்டாலும் கொள்ளும். விக்கப் போனா கடைக்காரன்கிட்ட காசு சீக்கிரம் தீந்துரும், 48 மணி நேரம் கழிச்சுதான் திரும்ப நிறையும், அதுக்கு வெள்ளி கிரகத்துல போய் ஒரு மணி நேரம் தூங்குங்க, அங்க ஒரு மணி நேரம்னா வெளிய 100 மணி நேரம் ஓடிரும். நெசத்துலயும் வெள்ளி தன்னைத்தானே சுத்த 243 நாள் ஆகும், அதை வச்சுதான் பண்ணியிருக்காங்க. பொறுக்காம இருக்கவே முடியாதுன்னா 2024 மே அப்டேட்ல செட்டிங்ஸ்ல தூக்குற எடையையும் கடைக்காரன் காசையும் கூட்டிக்கிற வசதி வந்துச்சு, கூட்டிக்கிட்டா லெவல் ஏத்துற எக்ஸ்பி புள்ளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மஞ்சள் குறி போட்ட பொருள் கைக்கு வந்தா அது கடத்தல் சரக்கு, அதோட பெரிய ஊருக்குப் போனா வானத்துலயே கப்பலை ஸ்கேன் பண்ணிப் பிடிப்பான். வுல்ஃப் மண்டலத்துல டென்னு ஒரு நிலையம், அங்க ஸ்கேன் கிடையாது, அங்க வித்துருங்க.

ஸ்கில் விஷயத்துல நிறைய பேரு தப்பு பண்றாங்க. மொத்தம் 82 ஸ்கில், ஆனா முதுகுல மாட்டுற பூஸ்ட் பேக்கைப் பயன்படுத்தக்கூட ஸ்கில் பாயின்ட் வேணும், அது இல்லாம சுவர் ஏறித் தாவ முடியாம நிக்கிறது ரொம்பக் கொடுமை. அதனால கேரக்டர் பண்ணும்போதே சோல்ஜர் இல்லன்னா பவுன்டி ஹன்டர் எடுத்தீங்கன்னா அது கூடவே வந்துரும். மத்தபடி பூட்டுத் திறக்க செக்யூரிட்டி, பேசிச் சமாளிக்க பெர்சுவேஷன், இது ரெண்டும் முதல்ல. பாயின்ட் இருந்தா மட்டும் ஸ்கில் ஏறாது, அந்த வேலையைச் செஞ்சும் காட்டணும், அதனால பயன்படுத்தாத ஸ்கில்ல பாயின்டைப் போட்டு வைக்காதீங்க. குணம்னு மூணு எடுக்கலாம், அதுல கிட் ஸ்டஃப் எடுத்தா அப்பா அம்மா உசுரோட இருப்பாங்க, வாராவாரம் நம்ம காசுல ஒரு பங்கு அவங்களுக்குப் போகும். காசு நட்டம்னு பல பேரு வேணாம்பாங்க, நான் எடுக்கச் சொல்லுவேன். வீட்டுக்குப் போனா அந்த அம்மா பேசுறதும் அப்பா ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கிறதும், வெளிநாட்டுல இருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புற பிள்ளைக இருக்க ஊருல பொறந்தவனுக்கு அது சும்மா விட்டுட்டுப் போற விஷயம் இல்ல.

கிரகத்துல நமக்குன்னு அவுட்போஸ்ட், அதான் சொந்தத் தளம், கட்டுறது, கப்பலை முழுசா மாத்திக் கட்டுறது ரெண்டையும் தள்ளிப் போடுங்க, ஆரம்பத்துல காசும் ஸ்கில்லும் பத்தாது. கொள்ளைக்காரன் கப்பலைப் பிடிச்சு வித்து பணக்காரன் ஆகலாம்னும் நினைக்காதீங்க, விக்கிற விலையில பெரும்பங்கு ரிஜிஸ்டர் பண்றதுக்கே போயிரும்.

மெயின் கதையை எவ்வளவு தூரம் ஓட்டுறதுங்கிறதுலயும் ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. அதைத் தொடவே மாட்டேன்னு விட்டுட்டா 'இன்டு தி அன்னோன்' மிஷன் வர்ற வரைக்கும் பவர்னு சொல்ற மந்திரம் மாதிரி சக்தி எதுவும் கிடைக்காது, அதனால அது வரைக்கும் போயிருங்க. அதுக்கு மேல ஓடியும் முடிச்சிராதீங்க, கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிற ஒரு வாசல் வரும், லெவலும் ஸ்கில்லும் பவரும் கூட வரும், கப்பல், காசு, கட்டின வீடு எதுவும் வராது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு பாக்கி வேலையெல்லாம் முடிச்சிட்டு அந்த வாசலுக்குப் போங்க.

சேவ் பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல காத்து கொஞ்சம் பலமா அடிச்சா கரன்ட் போயிரும். செட்டிங்ஸ்ல ஆட்டோசேவ் எல்லாத்தையும் ஆன் பண்ணிருங்க, அதையும் நம்பாம சண்டைக்கு முன்னாடியும் யார்கிட்டயாவது முக்கியமாப் பேசறதுக்கு முன்னாடியும் எஃப்5 அழுத்துங்க. ஜூன் 13 ராத்திரி மச்சான் வான்கார்டு கதையோட கடைசி முடிவை எடுக்கிற இடத்துல நிக்கிறாரு, எந்தப் பக்கம்னு பத்து நிமிஷமா யோசிக்கிறாரு, கரன்ட் போயிருச்சு. எஃப்5 அழுத்தியிருந்தாரு. மறுநாள் ராத்திரி போட்டு கிளம்புது, ஐஸ் ஏத்தணும், டீசல் போடணும், ஆளு வரவே இல்ல. அந்த சேவ் இன்னும் என் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு, தொடாம வச்சிருக்கேன், கடலுக்குப் போய் கரை திரும்பினதும் வந்து முடிப்பாரு.