மாடலில் சரி, தகட்டில் 1.3 மி.மீ. கூடுதல்

2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டை இரண்டு இடத்தில் வளைத்துச் செய்யும் யூ சேனல். பழைய தாள் வரைபடப்படி வெட்டினால் அளவு கச்சிதம். அதையே 3டி மாடலாக்கி, அதிலிருந்து விரித்தெடுத்த தகட்டை வளைத்தால் மொத்தத்தில் 1.3 மி.மீ. கூடுதல். தகட்டுத் தடிமன், லேசர் வெட்டு, பேக் கேஜ் (வளைக்கும் இயந்திரத்தில் தகடு முட்டி நிற்கும் பின் தடுப்பு) எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தன. கே ஃபேக்டரை, அதாவது வளைக்கும்போது நீளம் மாறாத அடுக்கு தடிமனில் எங்கே இருக்கிறது என்ற விகிதத்தை, மாடலில் மாற்றினால் வேறு பாகங்கள் கெட்டன.

கடைசியில் 100 மி.மீ. நீளப் பட்டையொன்றை ஒரே ஒருமுறை வளைத்து அளந்தேன். இரு வெளிப்பக்கங்களின் கூட்டல் 103.7. உள் ஆரம் 2.5, மாடலிலோ பஞ்ச் (மேலிருந்து அழுத்தும் கருவி) நுனியின் ஆரமான 1! தகடு டையின் அடியைத் தொடாமல் வளையும் ஏர் பெண்டிங்கில் ஆரத்தைத் தீர்மானிப்பது, கீழிருக்கும் வி வடிவ அச்சான வி டையின் வாய் அகலம்; மைல்டு ஸ்டீலுக்கு அதில் ஏறத்தாழ 16 சதவீதம். எங்கள் டை 16 மி.மீ. பழைய வரைபடக்காரர் பட்டறை அட்டவணைக் கழிவையே (வெட்டும் நீளத்துக்காக வெளிப்பக்கக் கூட்டலிலிருந்து வளைவு ஒன்றுக்குக் கழிப்பது) எழுதியிருந்தார், கெட்டிக்காரர். மாடலில் ஆரம் 2.5, வளைவுக்கு 3.7 கழிவு என்று கொடுத்ததும் அளவு உட்கார்ந்தது. அப்பாடா!