கம்மோடும் டேங்கும் சேர்ந்தே மாற வேண்டும்

தருமபுரியில் எங்கள் அலுவலகத்தைப் பசுமைக் கட்டடத் தரத்துக்குக் கொண்டுவந்தபோது கழிப்பறை வேலையை நான் ஏற்றேன். பழைய ஃபிளஷ் டேங்க் ஒவ்வொரு முறையும் 10 லிட்டரைக் கொட்டியது. 6 லிட்டர், 3 லிட்டர் என இரட்டைப் பொத்தான் கொண்ட டேங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றார் பிளம்பர். ஒன்றில் மாட்டிப் பார்த்தோம். 10 லிட்டருக்கென்று செய்த கம்மோடு 6 லிட்டரில் சுத்தமாகவில்லை. எல்லோரும் இருமுறை அழுத்தினார்கள். பிறகு மிச்சம் ஏது? இரண்டையும் ஜோடியாகவே மாற்றினோம். செலவு கூடியதுதான், ஆனாலும் அதுவே சரியான வழி.

குழாய்களுக்கு ஏரேட்டர் போதும்; அது குழாய் முனையில் மாட்டும், தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடும் சிறு சல்லடை. வாளியில் ஒரு நிமிடம் பிடித்து அளந்தேன், 6 லிட்டருக்குள் நின்றது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் சல்லடையில் வெள்ளைப் படிவு அடைத்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுகிறோம்.