வெள்ளம் வடிந்த வாரத்தில் கொடுக்கும் பெர்மிட்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் வெள்ளச் சமவெளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் கட்டட பெர்மிட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்மையில் நாங்கள் நடத்திய பயிற்சியில் ஓர் இளைஞர் சொன்னார்: "வெள்ளம் வந்தா ரிப்பேர் பெர்மிட்டை அன்னைக்கே கொடுத்துடுவோம் சார், ஜனங்க பாவம்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன், செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'நூறாண்டு வெள்ளம்' என்பது நூறாண்டுக்கு ஒருமுறை வருவதல்ல, ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு உள்ளது என்பதெல்லாம் முதல் நாள் பாடம். அதை விட்டுவிடுகிறேன்.

50 சதவீதக் கணக்கைப் போடாமல் பெர்மிட் கொடுப்பது

1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களுக்கு ஒரு கடமை உண்டு. வெள்ள அபாயப் பகுதியில் சேதமான வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, சேதத்துக்கு முன் அந்தக் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் பாதியோ அதற்கு மேலோ இருந்தால், அது 'கணிசமான சேதம்'. அந்த வீட்டைப் பழையபடியே கட்டக் கூடாது. குடியிருப்பு என்றால், தரைத்தளம், வெள்ள வரைபடம் காட்டும் அடிப்படை வெள்ள மட்டத்துக்காவது (அந்த 1 சதவீத வெள்ளத்தில் தண்ணீர் எட்டும் உயரம்) உயர வேண்டும். சேதம் வெள்ளத்தால்தான் வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தீயில் எரிந்த வீட்டுக்கும் இதே விதிதான்.

தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி 28,000 டாலருக்கு மரக்கடை, மின்கடை ரசீதுகளோடு வந்தார். வரிப் பதிவேட்டில் அவர் சொத்து 1,20,000 டாலர். கால்வாசிகூட வரவில்லை என்று அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

அதில் இரண்டு பிழைகள். பதிவேட்டுத் தொகையில் 40,000 டாலர் நிலத்தின் மதிப்பு. விதியோ கட்டடத்தை மட்டுமே பார்க்கிறது. அடுத்து, தேவாலயத்து ஆட்கள் இலவசமாகச் செய்த தச்சு வேலையை நான் சேர்க்கவில்லை. இலவச உழைப்பையும் தானமாக வந்த பொருளையும் சந்தை விலைக்குக் கணக்கில் எடுக்க வேண்டும். சேர்த்திருந்தால் 45,000 டாலர். 80,000 டாலர் கட்டடத்துக்கு அது 56 சதவீதம்.

மூன்றாண்டு கழித்து அதே ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. அவரிடம் வெள்ளக் காப்பீடு இருந்தது. 'கணிசமான சேதம்' என்று ஊர் நிர்வாகம் கடிதம் கொடுத்தால், வீட்டை உயர்த்த அந்தக் காப்பீட்டிலிருந்தே 30,000 டாலர் வரை கிடைக்க வழியுண்டு. அந்தக் கடிதத்தை நான்தான் எழுதியிருக்க வேண்டும். இரக்கப்பட்டுச் செய்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை இல்லாமல் ஆக்கியது. இன்றைக்கும் இதே பிழை உள்ள கோப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சேறு அள்ளுவதையும், நனைந்த கம்பளத்தை வெளியே போடுவதையும், கூரைக்குத் தார்ப்பாய் கட்டுவதையும் தடுக்க வேண்டாம். புதுச் சுவர் ஏறுவதற்கு முன் கணக்கு முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் வடிந்ததும் தெருத் தெருவாக நடந்து, வீட்டு வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே ஃபெமா (அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. ஆள் போதவில்லையென்றால் மாநில அலுவலகத்தைக் கூப்பிடுங்கள், வருவோம். ஒரே வேலையை மூன்று சிறு பெர்மிட்டாக உடைத்துக் கேட்பார்கள். மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

கணக்குத் தவறினால் ஊருக்கே அடி விழும். இயான் புயலுக்குப் பிறகு வெள்ளப் பகுதியில் பெர்மிட் இல்லாமல் வேலைகள் நடந்ததைக் காரணம் காட்டி, ஃப்ளோரிடாவின் லீ கவுண்டியில் காப்பீட்டுக் கட்டணத்துக்கு இருந்த 25 சதவீதச் சலுகையை நீக்கப்போவதாக 2024-இல் ஃபெமா அறிவித்தது. கவுண்டி ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்த பிறகே சலுகை தப்பியது.

ஓட்டப் பாதையில் 'கொஞ்சம்' மண்

ஃப்ளட்வே எனப்படும் ஓட்டப் பாதையில், அதாவது வெள்ளம் ஓடுவதற்காக ஆற்றோடு சேர்த்து விட்டுவைத்த இடத்தில், எதைக் கொட்டினாலும், வெள்ள மட்டம் உயராது என்று பொறியாளரின் நீரியல் கணக்கு காட்ட வேண்டும். நாலு லோடுதானே என்று யாராவது கேட்டால், நாலு லோடுக்கும் வேண்டும்.

வெள்ளத் திறப்புகளை அளக்காமல் விடுவது

உயர்த்திய வீட்டுக்கு அடியில் சுவர் வைத்து அடைத்தால், பொறியாளர் தனியாக வடிவமைத்துச் சான்று தராதவரை, அடைத்த இடத்தின் ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம் என்று, வெள்ளம் உள்ளே வந்து வெளியேறச் சுவரில் திறப்பு வேண்டும். குறைந்தது இரண்டு. டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

மட்டச் சான்றிதழைக் கடைசிக்கு வைப்பது

வீட்டுத் தளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து தரும் சான்று இது. வீடு முடிந்தபின் அரை அடி குறைகிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? தளம் போட்டவுடன் அளக்கச் சொல்லுங்கள்.

அரசு வாங்கிய நிலத்தை மறப்பது

1993 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு இல்லினாய்ஸின் வால்மேயர் ஊரே மேட்டுக்கு இடம்பெயர்ந்தது. பல ஊர்களில் தாழ்ந்த வீடுகளை ஃபெமா நிதியில் வாங்கி இடித்தார்கள். அப்படி வாங்கிய நிலம் என்றைக்கும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்து அங்கே ஊராட்சிக் கிடங்கு கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். இப்போதுள்ள விதிப்படி, மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்த மனையைப் போய்ப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். உங்கள் ஊரில் அப்படி எத்தனை மனைகள் உள்ளன, கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சேர்ந்த முதல் வாரமே தேடிவையுங்கள்.