ஆலன் வேக் 2: புதிதாகத் தொடங்குபவர்கள் எப்படி விளையாடலாம், எக்ஸ்பான்ஷன்களை எப்போது தொடலாம்

பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட இந்த கேமுக்கு 2010-ல் வந்த முதல் பாகம் கட்டாயமில்லை. ஆலன் வேக் என்ற எழுத்தாளர் 13 வருடமாக ஓர் இருள் உலகில் மாட்டியிருக்கிறார், அங்கே அவர் எழுதுவது வெளியே நிஜமாகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். பாதிக் கதையை நடத்தும் எஃப்பிஐ அதிகாரி சாகா ஆண்டர்சனுக்கும் தொடக்கத்தில் உங்களைப் போலவே ஒன்றும் புரியாது.

முதல் படி, செட்டிங்ஸ். சிரமத்தை ஸ்டோரி அளவில் வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சண்டை இந்த கேமின் பலம் இல்லை என்பதுதான் என் கருத்து. திடீரென்று திரை முழுக்க ஒரு முகம் வந்து அலறும். அந்த மிரட்டலைக் குறைக்கவும் பின்னால் வந்த அப்டேட்டில் வழி செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, டார்ச். சாகாவைத் தாக்க வருபவர்களை இருள் கவசம் போல மூடியிருக்கும். வெளிச்சத்தைக் கூட்டி அதை எரித்துவிட்டு அப்புறம்தான் சுட வேண்டும், கவசம் கலையாமல் சுட்டால் தோட்டா வீண். ஆலன் பக்கம் வேறு கணக்கு: தெருவெங்கும் நிழல்கள் நின்று அவர் பெயரை முணுமுணுக்கும், அதில் பெரும்பாலானவை சும்மா கரைந்துபோகும், ஒன்றிரண்டுதான் பாயும். எல்லாவற்றின் மேலும் டார்ச் அடித்து பேட்டரியைத் தீர்க்காமல் விலகி நடங்கள்.

மூன்றாவது, இரண்டு பலகைகள். சாகா மனதுக்குள்ளேயே போய் யோசிக்கும் மன அறையில் வழக்குப் படங்களைப் பலகையில் ஒட்ட வேண்டும். நேர்மையாகச் சொன்னால் பாதியில் இது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடுகிறது, ஆனால் ஒட்டாமல் விட்டால் சில இடங்களில் கதை நகராது. ஆலனின் கதைப் பலகைதான் கேமின் உச்சம். ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் வெறும் நடைமேடையில் நிற்கிறீர்கள், பலகையில் 'கொலைகாரக் கூட்டம்' என்ற கருவை மாட்டியதும் அதே இடம் கண்ணெதிரே ரத்தமும் மெழுகுவர்த்தியுமாக மாறுகிறது, அடைபட்டிருந்த வழி திறக்கிறது. போதாததற்குக் கையில் ஒரு விளக்கு, ஓரிடத்து வெளிச்சத்தை உறிஞ்சி இன்னோரிடத்தில் விட்டால் அறையே வேறாகும். சிக்கிக்கொண்டால் வழிகாட்டி வீடியோவைத் தேடாதீர்கள், ஒவ்வொரு கருவையும் மாட்டிப் பாருங்கள். விடை அங்கேயேதான் இருக்கும்.

சேவ் செய்ய, ஓய்வறையில் இருக்கும் காபி பிளாஸ்க். கண்ணில் பட்டால் தவறவிடாதீர்கள். சில அத்தியாயங்கள் தாண்டியதும் இருவர் கதைக்கும் இடையே இஷ்டப்படி தாவலாம். ஆனால் ஒருவரையே முடித்துவிட்டு வராமல் மாற்றி மாற்றிப் போனால்தான் ஒரு பக்கம் கேட்ட கேள்விக்கு மறுபக்கம் பதில் கிடைக்கும் சுகம் இருக்கும். ஆலன் கதையில் 'வீ சிங்' அத்தியாயம் வரும்போது ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சரி, எக்ஸ்பான்ஷன்கள், அதாவது கேம் வந்த பிறகு தனியாக வெளியிட்ட கூடுதல் கதைகள். மெயின் கதை முடியும்வரை இரண்டையும் தொடாதீர்கள்.

2024 ஜூனில் வந்த நைட் ஸ்பிரிங்ஸ் மூன்று குட்டிக் கதைகள். ஆலனின் தீவிர ரசிகையான பரிமாறும் பெண் துப்பாக்கியோடு கிளம்பும் முதல் கதை அசல் கிண்டல், கடகடவென்று சுட்டுத் தள்ளலாம். நடுவில் உள்ளது தெரிந்த இடத்தையே சுற்றி வருகிறது, எனக்குச் சப்பென்று இருந்தது. மூன்றாவது ஒரு நடிகர் பல உலகங்களுக்குத் தாவும் கதை, திடீரென்று காமிக்ஸ் பக்கமாகக்கூட மாறும். விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்களுக்குப் பிடிக்கும்.

பயம் வேண்டுமென்றால் அதே வருடம் அக்டோபரில் வந்த தி லேக் ஹவுஸ். மெயின் கதையில் துணையாக வரும் கிரண் எஸ்தவேஸ் ஏரிக்கரை ஆய்வுக்கூடத்துக்குள் இறங்குகிறார். கலையை இயந்திரம் போல உற்பத்தி செய்யலாம் என்று நினைத்த ஒரு விஞ்ஞானித் தம்பதி அங்கே செய்து வைத்த கூத்து, இரண்டு எக்ஸ்பான்ஷனில் இதுதான் காசுக்கு மதிப்பு. இங்கே ஓவியங்களிலிருந்து இறங்கி வரும் உருவங்கள் சாதாரணத் தோட்டாவுக்குச் சாகாது. அதற்கென்று தனி ஆயுதம் பின்னால் கிடைக்கும், அதுவரை சுவரில் ஓவியம் தெரிந்தாலே ஓடத் தயாராக இருங்கள்.

இரண்டுக்கும் முன்னால் இதே நிறுவனத்தின் 2019 கேமான கன்ட்ரோலை முடித்திருந்தால் லேக் ஹவுஸ் இன்னும் நன்றாகப் பிடிபடும், எஸ்தவேஸ் வேலை பார்க்கும் அமைப்பு அந்த கேமில் வருவதுதான்.