தாத்தாவின் வாழ்க்கையை வருஷக் கணக்கோடு எழுதுவது எப்படி

காவிரி டெல்டாவில் வயசான விவசாயியிடம் "எந்த வருஷம் தாத்தா?" என்றால் விழிப்பார். "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் பட்டென்று பதில் வரும். எந்தப் புயல் என்பதை மட்டும் அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். நாகை பக்கம் மூத்தவர்களுக்கு அது 1952 நவம்பர் 30. அடுத்த தலைமுறைக்கு 1977 நவம்பர் 12. முதலாவது கார்த்திகையில் வந்தது, இரண்டாவது ஐப்பசிக் கடைசியில், தீபாவளி முடிந்த கையோடு. மாதத்தைக் கேட்டாலே குழப்பம் தீரும்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் நந்தன வருஷம் 1952 சித்திரையில் பிறந்தது; நந்தன வருஷம் தை என்றால் அது 1953. தையிலிருந்து பங்குனி முடிய ஒன்று கூட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

வயலும் காலம் காட்டும். "ஐ.ஆர். எட்டு நட்டோம்" என்று அந்த அதிக விளைச்சல் நெல் ரகத்தைச் சொன்னால் 1966க்குப் பிந்தைய பேச்சு. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, உழுதவரானால் கண்டுமுதலில் (மொத்த விளைச்சலில்) அவருக்கு எத்தனை பங்கு என்று கேளுங்கள். 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சாகுபடி செய்தவருக்கு ஐந்தில் இரண்டு பங்கு தந்தது. 1956 நியாய வாரச் சட்டம் அதை ஐந்தில் மூன்றாக்கியது. சட்டம் வந்ததும் பங்கு மாறியது என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். களத்தில் உண்மையில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், யார் அளந்தார்கள் என்பதுதான் அவருடைய கதை. 12 மரக்கால் ஒரு கலம், மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவர் சொன்ன அளவையே எழுதி, இன்றைய கணக்கைப் பக்கத்தில் போடுங்கள்.

1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிப் படுகொலை, அந்தக் காலத்துக் கூலித் தகராறுகள் பற்றித் திண்ணையில் நாலு பேர் இருக்கும்போது கேட்காதீர்கள். தனியாக, வேறு பேச்சுக்கு நடுவில் கேளுங்கள். அவர் மௌனமானால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். படித்ததை அவர் வாயில் திணிக்க வேண்டாம்.

காகிதங்களைக் கடைசியில் எடுங்கள். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன், ஜூலை என்றிருந்தால் பெரும்பாலும் வாத்தியார் போட்டதுதான். புயல் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். பழைய பத்திரத்தில் ஊர் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்கும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். வில்லங்கச் சான்று போடும்போது பழைய சர்வே எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். புது எண்ணை மட்டும் கொடுத்தால் தாத்தா காலத்துக் கிரயம் அதில் வராமல் போகலாம்.