ஒரு வாட்டி போட்ட துணிய என்ன பண்றது

கழட்டின உடனே மடிக்காதீங்க, மொதல்ல அதான். பாரிஸ் கார்னர் வரைக்கும் போய்ட்டு வந்த சட்டை பாக்க சுத்தமாத்தான் இருக்கும், உள்ளார ஈரம் நிக்கும். அதுவும் நம்ம ராயபுரம் காசிமேடு பக்கம் அடிக்கிற கடக்காத்துக்கு வேர்வை உப்பு இன்னும் ஈரத்த இழுத்துக்கும். வேர்வைக்குன்னு பெருசா நாத்தம் இல்லங்க, பாக்டீரியா அதுல வேலைய காட்டினாதான் நாறும், அதுக்கு வேண்டிய ஈரமும் புழுக்கமும் பீரோவுக்குள்ளயே இருக்கு. நான் ஒரு வாட்டி அப்படி ஒரு சட்டைய உள்ள சொருகி, பக்கத்துல இருந்த ஆயாவோட பட்டுப்புடவைக்கும் வாடை ஏறி, ஒரு மாசம் பேச்சு வாங்கினேன்.

அதனால பாக்கெட்ட காலி பண்ணிட்டு, உள்பக்கத்த வெளிய திருப்பி, ஹேங்கர்ல மாட்டி ஃபேன் காத்து படுற மாதிரி ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறமும் துவைச்ச துணியோட சேக்காதீங்க, தனி இடம் வேணும். எங்க வீடு ஒரே ரூம், கதவுக்குப் பின்னாடி ஆறு ஆணி அடிச்சிருக்கோம், ஒரு ஆணிக்கு ஒரு துணிதான், ஆணி தீந்துச்சுன்னா ஒண்ணு பக்கெட்டுக்குப் போயாகணும். கருப்பு, நீலம் மாதிரி டார்க் துணிய காலைல ஒரு உதறு உதறிட்டு எடுங்க, கொசு அதுலதான் பதுங்கும்.

திரும்பப் போடலாமாங்கறத ராத்திரி முடிவு பண்ணாதீங்க, நாள் பூரா அதோடயே இருந்த மூக்குக்கு ஒண்ணும் தெரியாது. காலைல அக்குள் பக்கம் மோந்து பாருங்க, காலர் உள்பக்கம் பாருங்க. காட்டன் ரெண்டாவது வாட்டி தாங்கும், பாலியஸ்டர் டீஷர்ட் சீக்கிரம் நாத்தம் பிடிச்சுக்கும், ஜீன்ஸ் நாலஞ்சு வாட்டி போடலாம். ஜட்டி, சாக்ஸ்லாம் பேச்சே இல்ல. மீன் மார்க்கெட் போய்ட்டு வந்ததும் அப்படித்தான், நேரா தண்ணிதான், தண்ணி லாரி வராத நாளா இருந்தாலும்.

பட்டுப்புடவைய நிழல்ல ஒரு ராத்திரி ஆற விட்டு, மடிப்ப மாத்தி மடிச்சு, பழைய காட்டன் வேட்டில சுத்தி வைங்க.

இன்னொண்ணு, வாடை இருக்கறத இஸ்திரி போட்டு சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, சூடு பட்டா வேர்வைக் கறை இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும். நான் ட்ரை பண்ணியிருக்கேன், தெருமுனை வண்டிக்காரர் பொட்டிய தூக்கி வச்சுட்டு, "தம்பி, இது துவைச்சதா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டார்.