கொடுவாவுக்கு பெய்ட்காஸ்டிங் ரீல்: தூண்டில் நரம்புச் சிக்கலைத் தீர்த்த விதம்

ஆற்றங்கரை முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்காகக் கச்சான் (மேற்கு) காற்றை எதிர்த்துத் தூண்டில் வீசினால், ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு, அதாவது தூண்டில் இழை, குருவிக்கூடுபோல் சிக்கிவிடும். பொய்மீன் (செயற்கை இரை) வேகம் இழந்த பிறகும் ஸ்பூல் வேகமாகச் சுழல்வதே காரணம். பொய்மீன் மெல்ல இறங்கித் தரை தொட்டதும் சுழற்சி நிற்கும் அளவுக்கு ஸ்பூல் திருகை இறுக்கினேன். காந்த பிரேக்கை முக்கால் பங்கில் வைத்து, கை பழகப் பழகக் குறைத்தேன். பொய்மீன் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்த வேண்டும். இதற்கு எந்த பிரேக்கும் ஈடில்லை.

பின்னல் நரம்பு (பல இழை பின்னியது) 30 பவுண்டு தாங்குவது போதும். வெறும் ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கும், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் பிடி) கெட்டதுபோல் தோன்றும். அடியில் பத்துச் சுற்று தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) போட்டதும் சரியானது. கொடுவாவின் செவுள்மூடி பின்னலை அறுத்துவிடும். அதனால் முனையில் 40 பவுண்டு தங்கூஸ் ஒரு மீட்டர்; அதைப் பின்னலோடு இணைக்க எஃப்ஜி என்ற முடிச்சு. டிராக்கை இறுக்கிவிட்டு ரீலை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள்; காய்ந்தபின் தளர்த்துங்கள்.